இலித்தியம் அயனி மின்கலங்களை இருப்பில் வைக்கும் முறையின் வரலாறு

மீண்டும் மின்னேற்றத்தக்க இலித்தியம் அயனி மின்கலங்களை மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைக்க நேர்ந்தால், ஏறத்தாழ பாதி மின்னேற்றத்துடன் குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் வைக்க வேண்டும் என்பது இன்று பரவலாக உள்ள நடைமுறையாகும். இது முந்தைய மின்கலங்களுக்கு இருந்த வழக்கங்களிலிருந்து மாறுபட்டது.

முந்தைய மின்கலங்கள்

1859 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு இயற்பியலாளர் கஸ்தோன் பிளாந்தே ஈய-அமில மின்கலத்தை உருவாக்கினார். மின்னிறக்கத்தின்போது இதன் தகடுகளில் ஈய சல்பேட்டு படிகிறது. அந்த நிலையிலேயே நெடுநாள் விட்டால் படிவு இறுகி, மின்கலம் மீண்டும் சரியாக மின்னேற்றம் கொள்வதில்லை. எனவே இவ்வகை மின்கலங்கள் முழு மின்னேற்றத்துடன் வைக்கப்பட்டன. 1899 இல் சுவீடனின் வால்டெமர் யுங்னர் உருவாக்கிய நிக்கல்-காட்மியம் மின்கலம் இதற்கு நேர்மாறானது. முற்றிலும் மின்னிறக்கி வைத்தாலும் அது கெடுவதில்லை.

இலித்தியம் அயனி மின்கலத்தின் தோற்றம்

1970களில் எக்சான் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டான்லி விட்டிங்காம், இலித்தியம் உலோகத்தையும் டைட்டானியம் டைசல்பைடையும் கொண்ட மின்கலத்தை உருவாக்கினார். மின்னேற்றும்போது இலித்தியம் உலோகம் ஊசிகளைப்போல் வளர்ந்து உட்புறக் குறுக்குச்சுற்றை ஏற்படுத்தியது. 1989 இல் கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் தயாரித்த இலித்தியம் உலோக மின்கலங்கள் ஜப்பானில் கைப்பேசிகளில் தீப்பற்றியதால் திரும்பப் பெறப்பட்டன. 1980 இல் ஜான் குடினஃப் குழுவினர் அறிமுகப்படுத்திய இலித்தியம் கோபால்ட்டு ஆக்சைடையும், 1985 இல் அகிரா யோஷினோ பயன்படுத்திய கார்பன் எதிர்மின்முனையையும் ஒத்த அமைப்புடன் சோனி நிறுவனம் 1991 இல் இம்மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விட்டிங்காம், குடினஃப், யோஷினோ மூவருக்கும் 2019 ஆம் ஆண்டின் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பாதி மின்னேற்றத்திற்கான காரணம்

இலித்தியத்தின் மீது மின்பகுளி வினைபுரிந்து மெல்லிய படலத்தை உண்டாக்குவதை 1979 இல் இமானுவேல் பெலெட் விளக்கினார். கார்பன் எதிர்மின்முனையிலும் அத்தகைய படலம் உருவாவதை 1990 இல் ஜெஃப் டானும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். இப்படலமே மின்கலத்தைக் காக்கிறது. ஆனால் மின்கலம் சும்மா இருக்கும்போதும் அது மெல்ல வளர்ந்து, பயன்பட வேண்டிய இலித்தியத்தை விழுங்குகிறது. முழு மின்னேற்றத்தில் இவ்வினை விரைவடைகிறது. நேர்மின்முனையின் உயர் மின்னழுத்தமும் மின்பகுளியைச் சிதைக்கிறது. வெப்பம் இரண்டையும் தூண்டுகிறது. இதனால்தான் முழுதாக மின்னேற்றி வெப்பமான அறையில் வைத்த மின்கலம், ஒருமுறைகூடப் பயன்படாமலே கொள்திறனை இழக்கிறது.

வெறுமையாக வைப்பதும் கேடானது. தன்மின்னிறக்கத்தாலும் பாதுகாப்புச் சுற்று எடுத்துக்கொள்ளும் சிறு மின்னோட்டத்தாலும் மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தால், எதிர்மின்முனையிலுள்ள செப்புத் தகடு மின்பகுளியில் கரைகிறது. மீண்டும் மின்னேற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். எனவே கோபால்ட்டு வகை மின்கலங்களை ஏறத்தாழ 3.7 முதல் 3.8 வோல்ட்டில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை சோதிப்பது நடைமுறையாயிற்று.

வான்வழிப் போக்குவரத்து விதிகள்

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து புறப்பட்ட யுபிஎஸ் சரக்கு விமானம் தீப்பற்றி விழுந்ததில் விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். அதன் சரக்கில் இலித்தியம் மின்கலங்கள் பெருமளவில் இருந்தன. இத்தகைய ஆபத்துகளைக் கருதி, 2016 ஏப்ரல் 1 முதல் தனியாக அனுப்பப்படும் இலித்தியம் அயனி மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது தடை செய்யப்பட்டது. சரக்கு விமானங்களில் அவற்றின் மின்னேற்றம் 30 விழுக்காட்டிற்கு மிகாமல் இருக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. மின்னேற்றம் குறைவாக இருந்தால், தீ ஒரு மின்கலத்திலிருந்து அடுத்ததற்குப் பரவும் வாய்ப்பும் குறைகிறது. பாதி மின்னேற்றம் மின்கலத்தின் ஆயுளுக்காக வகுக்கப்பட்டது. 30 விழுக்காட்டு வரம்போ மனித உயிர்களுக்காக வகுக்கப்பட்டது.