எள்ளளவு புள்ளி: 1943 வங்கப் பஞ்சத்தில் ஒரு பூஞ்சையின் பங்கு

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் வங்கப் பஞ்சத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். "1943-ல் வங்கத்தில் அரிசி இருந்தது, ஏழைகளின் கைக்குத்தான் போய்ச் சேரவில்லை" என்பது அதன் சாரம். விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் ஓட்டை போட்டவர் என் மாமனார்.

அவர் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன கார்த்திகையில் ஊருக்குப் போயிருந்தபோது வயலுக்குக் கூட்டிப்போய், ஒரு நெல் தாளைக் கிள்ளி என் கையில் கொடுத்தார். தாள் முழுக்க எள்ளைத் தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள். பெரிய புள்ளிகளின் நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் மங்கலான மஞ்சள் வளையம்.

"மாப்பிள்ளை, நீங்க பஞ்சத்தைப் பத்தி எழுதினதப் படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுல இவன் பேரே இல்லையே?"

"யாரு மாமா?"

"செம்புள்ளி. அந்த வருஷம் வங்காளத்துல பயிரைத் தின்னது இவன்தான்."

அன்றிலிருந்து இரவு வேளைகளில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை. பழைய கட்டுரைக்கு ஒரு திருத்தம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் இவன் யார் என்று பார்ப்போம். பூஞ்சைகளில் மிகப் பெரிய கூட்டம் பைப் பூஞ்சைகள். ஆண், பெண் போன்ற இரண்டு இணைகள் கூடி வித்துகளை உண்டாக்கும்போது, அந்த வித்துகள் ஒரு நுண்ணிய பைக்குள், பெரும்பாலும் எட்டெட்டாக உருவாகின்றன. அதனால்தான் அந்தப் பெயர். விவரிக்கப்பட்ட இனங்கள் மட்டும் 60 ஆயிரத்துக்கு மேல். ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட், பென்சிலின் தந்த பூஞ்சை, நிலக்கடலையில் நஞ்சு சேர்க்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் எல்லாம் இந்தக் குடும்பம்தான். செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியும் இதில் சேர்த்தி. பெயரில் பாசி என்று இருந்தாலும், அது ஒரு பைப் பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். பைப் பூஞ்சைகளில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு இப்படிப் பாசியோடு சேர்ந்து வாழ்பவை. இன்னொரு பெரும் பங்கு செடிகளைத் தாக்கிப் பிழைப்பவை. நெல்லின் குலை நோய், கரும்பின் செவ்வழுகல், நம்முடைய செம்புள்ளி எல்லாம் அந்த வகை.

செம்புள்ளிப் பூஞ்சைக்கு இரண்டு பெயர் உண்டு. 1900-ல் ஜாவாவில் இருந்த டச்சுக்காரர் பிரேடா டி ஹான் இதை ஹெல்மின்தோஸ்போரியம் ஒரைசே என்று பதிவு செய்தார். வயலில் நாம் பார்ப்பது அந்த வடிவம். இணை சேராமலே வித்துகளை உண்டாக்கிக் காற்றில் அனுப்பும். 1920-களில் ஜப்பானியர்கள் ஆய்வகத்தில் இதை வளர்த்தபோது பை வடிவத்தைக் கண்டார்கள். பைக்குள் நூல் போன்ற வித்துகள் சுருண்டு கிடந்தன. அதற்கு வேறொரு பெயர் வைத்தார்கள். ஒரே ஆசாமிக்கு இரண்டு ஆதார் அட்டை மாதிரி, பல பைப் பூஞ்சைகள் இப்படி இரண்டு பெயரோடு நூறு வருஷம் திரிந்தன. 2011-ல் தாவரப் பெயரிடல் விதிகளை மாற்றி, ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர் என்று முடிவெடுத்தார்கள். இப்போது இதைப் பைபோலாரிஸ் ஒரைசே என்கிறார்கள். ஜப்பானிய மொழியில் இந்த நோயின் பெயரிலேயே எள் இருக்கிறது. நம்ம ஊர்க் கண்ணுக்குத் தெரிந்ததுதான் அவர்கள் கண்ணுக்கும் தெரிந்திருக்கிறது.

இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது சென்னை மாகாணத்தில், 1919-ல். 1922-ல் சுந்தரராமன் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதிய அறிக்கையைப் பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது. ஆக, 1942-க்கு இருபது வருஷம் முன்னாலேயே இந்தப் பூஞ்சை இங்கே தெரிந்த முகம்தான்.

இது விதையோடு வரும், காற்றோடும் பரவும். வித்து இலையில் விழுந்து முளைக்க, இலை பல மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். மேகமூட்டம், தூறல், 25 முதல் 30 டிகிரி வெப்பம் என்றால் இதற்குக் கொண்டாட்டம். இன்னொரு குணம் முக்கியமானது. சத்தில்லாத மண்ணில் நிற்கும் பயிரைத்தான் இது அதிகம் பிடிக்கும். பொட்டாசியமும் சிலிக்காவும் குறைந்த நிலத்தில் வெளுத்து வாங்கும். மாமனார் பாஷையில் சொன்னால், "இது இளைச்சவன் வயலைத் தேடிப் போற நோய்."

இனி 1942-க்கு வருவோம். வங்கத்தில் முக்கிய விளைச்சல் ஆமன் பருவம். மழைக்காலத்தில் வளர்ந்து, குளிர்காலத்தில் அறுவடையாகும். அந்த வருஷம் மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது, பர்மா அரிசி வருவது நின்றது. ஜப்பானியர் கடல் வழியாக வந்தால் பயன்படுத்திவிடக் கூடாது என்று கடலோர மாவட்டங்களில் அரிசியையும், பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளையும் அரசே அப்புறப்படுத்தியது. அக்டோபர் 16-ல் மேதினிப்பூர் கடற்கரையில் பெரும் புயல். அதே பருவத்தில் நாள் கணக்கில் மேகமூட்டமும் மழையும். செம்புள்ளிக்கு வேறென்ன வேண்டும்?

இதைப் பதிவு செய்தவர் எஸ். ஒய். பத்மநாபன். பூஞ்சையியல் அறிஞர், பின்னாளில் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். அந்த நிறுவனமே இந்தப் பஞ்சத்தின் விளைவாக 1946-ல் தொடங்கப்பட்டதுதான். 1943 அக்டோபரில் வேலையில் சேர டாக்காவுக்குப் போகும் வழியெல்லாம் பிணங்களையும் சாகக் கிடந்தவர்களையும் பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். முப்பது வருஷம் கழித்து, 1973-ல் வெளியிட்ட கட்டுரையில், பாங்குரா, சின்சுரா ஆராய்ச்சி நிலையங்களின் விளைச்சல் கணக்கை 1941-ஓடு ஒப்பிட்டார். சில ரகங்களில் இழப்பு 90 சதவீதம் வரை போயிருந்தது.

எட்டு வருஷம் கழித்து அமர்த்தியா சென்னின் புகழ்பெற்ற புத்தகம் வந்தது. அரசுப் புள்ளிவிவரப்படி 1943-ல் இருந்த அரிசி, முந்தைய ஐந்து வருஷச் சராசரியைவிட 5 சதவீதம்தான் குறைவு. 1941-ஐவிட 13 சதவீதம் அதிகம். 1941-ல் பஞ்சம் வரவில்லையே? ஆகவே பஞ்சத்துக்குக் காரணம் அரிசி இல்லாமை அல்ல, வாங்கும் சக்தி இல்லாமை என்றார் சென். என் பழைய கட்டுரை இந்த வாதத்தின் மீதுதான் நின்றது.

பிறகு மார்க் டாகர் என்ற வரலாற்றாசிரியர் பத்மநாபனின் எண்களை எடுத்துக்கொண்டு சென்னை மறுத்தார். இந்தப் பஞ்சத்தில் உண்மையிலேயே அரிசி குறைவு என்பது அவர் கட்சி. சென் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் நியாயமான கேள்வி உண்டு. இரண்டு ஆராய்ச்சி நிலையங்களின் வயலை வைத்து ஒரு மாகாணம் முழுக்க எப்படிக் கணக்குப் போடுவது?

இங்கேதான் எனக்கு என் தொழில் கைகொடுத்தது. இரண்டு அறிக்கைகள் முட்டிக்கொண்டால், முதலில் கேட்க வேண்டியது எது சரி என்பதல்ல. தரவு எங்கிருந்து வந்தது என்பதுதான். நம்ம பக்கம் ரயத்துவாரி முறை. கிராமத்துக்குக் கிராமம் கர்ணம் இருந்தார், எந்த வயலில் என்ன விளைந்தது என்று கணக்கு எழுதினார். வங்கத்தில் ஜமீன்தார்களோடு செய்துகொண்ட நிரந்தர ஒப்பந்த முறை. வரி எவ்வளவு என்பது முன்னாலேயே முடிவான விஷயம் என்பதால், விளைச்சலை அளக்க அரசுக்கு அவசியமே இல்லை. அதனால் அப்படி ஓர் அமைப்பும் அங்கே வளரவில்லை. அரசின் நெல் கணக்கு பெரும்பாலும் கண்மதிப்பு. மகாலனோபிஸ் அதே வங்கத்தில் சணல் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பில் அளக்க ஆரம்பித்திருந்தார், ஆனால் நெல்லின் கதை பழைய கதைதான். 5 சதவீதம் குறைவு என்ற எண்ணும் இந்தக் கண்மதிப்பில் இருந்து பிறந்ததுதான். தசமத்தைப் பார்த்து நம்பிவிட்டேன், சென்சாரைப் பார்க்கவில்லை.

அப்படியானால் பூஞ்சைதான் குற்றவாளியா? அதற்கும் என் பதில் இல்லை என்பதே. கல்கத்தாவில் ஒரு மணங்கு அரிசி, அதாவது சுமார் 37 கிலோ, 1942 டிசம்பரில் 13, 14 ரூபாய். அடுத்த மார்ச்சில் 21. மே மாதம் 30-ஐத் தாண்டியது. ஆகஸ்ட் 20-ல் 37 ரூபாய். கல்கத்தாவின் பெரிய ஆலைத் தொழிலாளிகளுக்குச் சலுகை விலையில் அரிசி கிடைக்க ஏற்பாடு இருந்தது. செத்தவர்கள் யார்? நிலமில்லாத கூலிகள், படகு போன மீனவர்கள், கிராமத்துக் கைவினைஞர்கள். 1945-ல் விசாரணைக் கமிஷன் 15 லட்சம் என்றது, சென்னின் கணக்கு 30 லட்சத்துக்கு அருகில். நெல்லைத் தின்ற பூஞ்சைக்குக் கூலிக்காரனையும் ஆலைக்காரனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அந்தப் பட்டியலைப் போட்டது மனிதர்கள்.

ஆனால் பூஞ்சையை விட்டுவிட்டும் கதை சொல்ல முடியாது. 1943-ல் மாகாண அரசே "தட்டுப்பாடு இல்லை, பதுக்கல்தான் காரணம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. ஜூன் மாதம் வீடு வீடாகப் பதுக்கலைத் தேடிப் போனார்கள். அரிசி இருக்கிறது என்பது அன்றைக்கு ஆட்சியாளரின் சமாதானம். ஏழைகளின் பக்கம் நின்று எழுதுவதாக நினைத்து நானும் அதே வரியைத்தான் எழுதியிருக்கிறேன். நெல் தாளில் புள்ளி விழுந்தது 1942 பருவத்தில். கல்கத்தா தெருக்களில் பிணங்கள் குவிந்தது 1943 ஆகஸ்டில். நடுவில் பல மாதங்கள் இருந்தன. அளந்து பார்த்து, இவ்வளவு குறைகிறது என்று ஒப்புக்கொண்டிருந்தால், வெளியிலிருந்து கொண்டுவர நேரம் இருந்தது. நோய் வந்ததில் யார் தப்பும் இல்லை. நோய் வந்ததைப் பார்க்காமல் இருந்தது தப்பு. பார்க்காததை வைத்தே "எல்லாம் இருக்கிறது" என்று சொன்னது அதைவிடப் பெரிய தப்பு.

பழைய கட்டுரையை நான் நீக்கவில்லை. "அரிசி இருந்தது" என்ற வாக்கியத்தின் மேல் கோடு போட்டுவிட்டு, "அரிசி குறைந்தது, எவ்வளவு குறைந்தது என்று யாரும் அளக்கவில்லை, குறைந்ததையும் சமமாகப் பங்கிடவில்லை" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தாளைப் பத்திரமா வச்சிருக்கீங்களா?" என்றார். நோட்டுக்குள் வைத்திருப்பதாகச் சொன்னேன். "வயலுக்குப் பொட்டாஷ் போட்டாச்சு மாப்பிள்ளை. அடுத்த பட்டத்துல வந்து பாருங்க" என்றார்.