குன்னூரில் ஓர் அறை

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குச் சென்றுவரும் நம்மில் பலர், அருகிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தை வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு மட்டுமே சேர்த்து நினைக்கிறோம். 1907-இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தின் ஓர் அறையில், 1918-ஆம் ஆண்டு, வேறோர் ஆராய்ச்சியும் தொடங்கிற்று. உணவுக்கும் உடலுக்கும், குறிப்பாக உணவுக்கும் நரம்புக்கும் உள்ள உறவைத் தேடிய ஆராய்ச்சி அது. தேடியவர் இராபர்ட் மெக்காரிசன்.

1878-இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்த அவர், 1901-இல் இந்திய மருத்துவப் பணிக்கு வந்தார். இமயத்தின் கில்கிட் பள்ளத்தாக்குகளில் மருத்துவராக இருந்தபோது, கழுத்துக் கழலை மிகுந்த ஊர்களில் செவிடும் ஊமையுமாய், கால்கள் விறைத்து, அறிவு வளராமல் இருந்த பிள்ளைகளைக் கண்டார். இக்குறைபாட்டை, நரம்பு மண்டலம் தாக்குண்ட வகை, உடல் வீங்கிக் குறுகிய வகை என இரண்டாகப் பகுத்து 1908-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். அப்பகுப்பு இன்றும் மருத்துவ நூல்களில் நிற்கிறது.

ஆயின், காரணம் கூறுமிடத்தில் அவர் தவறினார். அசுத்த நீரில் வாழும் நுண்ணுயிரே கழலைக்கு முதற்காரணம் என நெடுங்காலம் நம்பினார். அந்நீரின் வண்டலைத் தாமே உட்கொண்டும் சோதித்தார். உண்மையில் குறைந்தது அயோடின். தாயிடம் அது குறைந்தால் தைராய்டுச் சுரப்பு குன்றும். கருவின் மூளையில் நரம்பு உயிரணுக்கள் தத்தம் இடம் சென்று சேர்வதும், கிளைவிட்டு ஒன்றோடொன்று இணைவதும் தடைப்படும். பாப்புவா நியூகினியில் கருவுறுமுன்பே பெண்களுக்கு அயோடின் கலந்த எண்ணெயை ஊசிவழிச் செலுத்தி, இக்குறைபாட்டைத் தடுக்கலாம் என்று காட்டிய ஆய்வு 1971-இல்தான் வெளிவந்தது. கண்ட காட்சி சரியாக இருந்தும் கூறிய காரணம் பிழையாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

குன்னூரில் அவர் எடுத்துக்கொண்டது பெரிபெரி என்னும் நோய். தீட்டிய அரிசியை மட்டும் தின்ற புறாக்களின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தும், உயிரணுக்களை நுண்ணோக்கியில் நோக்கியும் ஆராய்ந்தார். நரம்பு மட்டுமன்று, சுரப்பிகளும் குடலும் சேர்ந்தே கெடுகின்றன எனக் கண்டார். அன்றைய சென்னை மாகாணத்தில், பச்சரிசியைத் தீட்டி உண்ட வடமாவட்டங்களில் பெரிபெரி மிகுந்திருந்தது. புழுங்கல் அரிசி உண்ட நம் பகுதிகளில் அரிதாயிருந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் காரணம் அறியாமலே காத்த நலம் அது.

1923-இல் அரசின் சிக்கன நடவடிக்கையால் பணி நின்றது; 1925-இல் மீண்டும் தொடங்கிற்று. பின்னர் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்கு ஊட்டி ஒப்பிட்டார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகளின் சராசரி எடை 235 கிராம். தீட்டிய அரிசியே மிகுந்த 'மதராசி' உணவில் வளர்ந்தவற்றுக்கு 155 கிராம். இங்கிலாந்தின் ஏழை மக்களுடைய வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரைத் தேநீர் ஆகியவற்றை உண்ட எலிகளோ பதற்றம் கொண்டு, பராமரிப்பவரைக் கடித்தன. அறுபதாம் நாள் அளவில் தம்முள் நலிந்தவற்றைக் கொன்று தின்னவும் தொடங்கின. எலி மனிதனாகாது என்பது உண்மையே. எனினும், உணவு குணத்தையும் மாற்றுமோ என்ற ஐயம் நம்மை விட்டு அகலவில்லை.

1935-இல் ஓய்வுபெற்ற மெக்காரிசன் 1960-இல் மறைந்தார். அந்த ஓர் அறையில் தோன்றிய ஆய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் உணவையே மிகுதியும் பேசியதை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறோம். அதே வகுப்பில் ஒரு பிள்ளையை 'மந்தம்' என்று சொல்லிவிடுவதும் நாமே. அப்பிள்ளை பிறக்குமுன் அதன் தாய் உண்ட உப்பில் அயோடின் இருந்ததா, அவள் தட்டில் சோற்றைத் தவிர வேறென்ன இருந்தது என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்தமுறை அச்சொல் நாவில் எழுமுன் குன்னூரின் அந்த அறையை நினைத்துக்கொள்வோம்.