ஐம்பதும் நூறும்: சிறுவண்டிகள் ஊருக்குள் வந்த கதை

போக்குவரத்து வரலாறு எழுதப் புகுவோர் இருப்புப்பாதையைப் பேசுவர், கப்பலைப் பேசுவர், பேருந்து முதலாளிகளையும் பேசுவர். அலுவலகத்துக்கும் சந்தைக்கும் நாள்தோறும் சென்று திரும்ப ஒரு குடும்பம் எந்த வண்டியை வாங்கியது, ஏன் அதை வாங்கியது என்னும் வினா அவர்தம் நூல்களில் அரிதாகவே எழுகிறது. இன்று சிறிய வண்டி ஒன்றைத் தேர்வதென்றால் விலை, மைலேஜ், நிறம் எனக் கேட்டுப் பார்த்து வாங்கிவிடுகிறோம். 1970களில் நிலைமை அவ்வாறன்று. தேர்வு என்ற சொல்லே அக்காலத்துக்குப் பொருந்தாது.

அன்று சாலையில் என்ன இருந்தது? 1955 முதல் சென்னைத் திருவொற்றியூரை இருப்பிடமாகக் கொண்ட நிறுவனத்தின் புல்லட், மைசூரில் உருவான ஜாவா, அதன் வழிவந்த யெஸ்டி, வடக்கே ராஜ்தூத். உறுதியான வண்டிகள்தாம். ஆனால் தெருமுனைக் கடைவரை சென்று வர 350 சி.சி. எதற்கு? நடுத்தரக் குடும்பம் விரும்பியது ஸ்கூட்டரை. எத்தனை வண்டி செய்யலாம் என்பதையே உரிமம் வரையறுத்த காலம் அது. பஜாஜ் சேத்தக்குக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். இதற்கிடையில் 1973இலும் 1979இலும் உலக எண்ணெய் நெருக்கடிகள். பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்பது வண்டி வாங்குவோரின் முதற் கேள்வியாயிற்று. அது இன்றுவரை முதற் கேள்வியாகவே நிற்கிறது.

கைனடிக் நிறுவனத்தின் லூனா 1972இலேயே வந்துவிட்டது. 50 சி.சி. மொபெட். மோட்டாரும் பெடலும் கூடிய பெயர் அது; பொறி நின்றால் மிதித்தே வீடு சேரலாம். எனினும் ஒருவர் ஏறுவதற்கே ஏற்ற வண்டி. 1980இல், அப்போது தருமபுரி மாவட்டத்திலிருந்த ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இந்தியாவின் முதல் இருவர் மொபெட் என்பது அதற்குரிய சிறப்பு. இன்னோர் ஆள் ஏறலாம் என்றால் இன்னொரு மூட்டையும் ஏறலாம் என்பதை நம் மக்கள் உடனே கண்டுகொண்டனர். கியர் இல்லை, கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை. சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் அன்றைக்கே ஓட்டிவிடலாம்.

பெயரைப் பற்றி ஒரு சொல். ஈருருளி, விசையுந்து என நம்மவர் நல்ல சொற்களைப் படைத்துக்கொண்டிருக்க, தெருவில் நிலைத்தது 'டி.வி.எஸ். பிப்டி'யே. வேறு நிறுவனத்து மொபெட்டையும் அப்பெயரால் அழைத்தவர் பலர். சிறப்புப்பெயர் பொதுப்பெயராவதற்கு வகுப்பறையில் காட்ட இதனினும் நல்ல சான்று நமக்குக் கிடைத்ததில்லை.

அடுத்தது நூறு சி.சி.யின் கதை. 1980களின் தொடக்கத்தில் நடுவணரசு இருசக்கர வண்டித் தொழிலில் அயல்நாட்டுக் கூட்டுக்கு இசைவு தந்தபோது, 100 சி.சி.க்கு மிகாதிருத்தல் வேண்டும் என ஓர் எல்லையும் வைத்தது. விளைவாக 1984இல் ஓசூரிலிருந்து இந்த்-சுசூகி ஏ.எக்ஸ். 100; 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100, அடுத்த ஆண்டு கவாசாகி பஜாஜ். 'சின்ன பைக் என்றால் நூறு' என்று நாம் இயல்பாகச் சொல்கிறோமே, அவ்வெண் கோப்பிலிருந்து தெருவுக்கு வந்தது.

இந்நான்கனுள் சி.டி. 100 மட்டும் நான்கு வீச்சுப் பொறி. இரண்டு வீச்சுப் பொறியில் தண்டு சுழலும் ஒவ்வொரு முறையும் எரிவு நிகழும். எடை குறைவு, வால்வுகள் இல்லை, சீற்றம் மிகுதி. ஆனால் புதிதாக நுழையும் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே புகைபோக்கி வழி வெளியேறிவிடும். உடன் எரியும் ஆயிலோ கரியாகப் படியும். சைலன்சரைக் கழற்றிச் சுட்டுக் கரி தட்டுவது அக்கால மெக்கானிக்குகளின் அன்றாடப் பணி. நான்கு வீச்சில் இரு சுழற்சிக்கு ஓர் எரிவுதான். வேகத்தை விரும்பியவர் ஆர்.எக்ஸ். 100 பக்கம் சாய்ந்தனர், மாதச் சம்பளக்காரர் சி.டி. 100 பக்கம் சாய்ந்தனர். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகவே வழக்கு சம்பளக்காரருக்குச் சாதகமாக முடிந்தது. ஆர்.எக்ஸ். 100 1996இல் நின்றது. சுசூகியை 2001இல் பிரிந்த டி.வி.எஸ்., அவ்வாண்டே கொணர்ந்த விக்டரும் நான்கு வீச்சே.

இவ்வரலாற்றைச் சொல்வோர் 1985ஐயே திருப்புமுனையாகக் காட்டுவர். நமக்கு அதில் உடன்பாடில்லை. சி.டி. 100 வந்தபோது அதை வாங்கியவருக்கு ஸ்கூட்டர் வரிசையிலேனும் ஓர் இடம் இருந்தது. பால்காரர், மீன் விற்பவர், துணிமூட்டை கட்டி ஊர் ஊராகச் செல்பவர் ஆகியோருக்கு எந்த வரிசையிலும் இடமிருக்கவில்லை. சைக்கிளில் பத்துக் கல் மிதித்தவர் டி.வி.எஸ். 50இல் முப்பது கல் சென்றார். விடியலில் எடுத்த மீன் கெடுமுன் இன்னும் இரண்டு ஊர்களைத் தொட்டார். 1980இன் கணக்கை அவ்விரண்டு ஊர்களைக் கொண்டே போட வேண்டும். அவ்வண்டியை நகைச்சுவைப் பொருளாக்கி மகிழ்ந்தவர்கள் அதன் பின்னிருக்கையில் கட்டப்பட்டிருந்த கூடையைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மொபெட்டும் இறுதியில் நான்கு வீச்சுக்கு மாறியது. 2015இல் வந்த எக்ஸ்.எல். 100இன் பொறி 99.7 சி.சி.; ஐம்பதாகத் தொடங்கியது ஏறத்தாழ நூறாகிவிட்டது. மிதிகட்டை போயிற்று, ஆயில் கலக்கும் வழக்கமும் போயிற்று. இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே மூட்டை வைக்கும் இடத்தை மட்டும் எவரும் தொடவில்லை.