செம்புக் கம்பியில் வந்த படம்

பேச்சுக்கென்று இழுக்கப்பட்ட தொலைபேசிக் கம்பியில் திரைப்படம் ஓட்டும் ஆசையிலிருந்தே ஏடிஎஸ்எல் பிறந்தது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

1980களின் இறுதி. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் ஜோசப் லெக்லைடருக்கு முன்னிருந்த இடர் இதுதான்: ஒரே கட்டில் நெருங்கிக் கிடக்கும் கம்பிகள் ஒன்றன் குறிகையை மற்றொன்று கெடுத்தன. நிலையத்திலிருந்து புறப்படும் வலுவான குறிகை, வீடுகளிலிருந்து களைத்து வந்துசேரும் குறிகையை விழுங்கியது. படம் பார்ப்பவர் திருப்பி அனுப்ப அதிகமில்லை. எனவே மேலேறும் பாதையைக் குறுக்கி, இறங்கும் பாதையை அகலமாக்கலாம் என்பது அவர் கண்ட வழி. 1993இல் பெல்கோர் நடத்திய சோதனையில் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் சியோஃபியின் மோடம் முந்தியது.

ஆயினும் எதிர்பார்த்த படச்சந்தை கூடவில்லை. போட்ட பாதையில் இணையம் ஏறிக்கொண்டது. பார்ப்போருக்கென வகுத்த அந்தச் சமமின்மையும் கூடவே சீதனமாக வந்தது. எழுதவும் அனுப்பவும் விரும்பியோருக்குப் பாதை குறுகலாகவே கிடைத்தது என்பதில் நமக்கு வருத்தமுண்டு.

படம் பின்னரே வந்தது: 1999இல் இங்கிலாந்தின் ஹல் நகரில், 2003இல் பெரும் அளவில் ஹாங்காங்கில். அதைத் தாங்கியது தொலைபேசி நிலையத்து டிஎஸ்லாம் பெட்டி. ஒரே அலைவரிசையை நூறு வீடுகள் பார்த்தாலும் மேலிருந்து ஒரு பிரதி வந்தால் போதும், கேட்ட வீடுகளுக்கு மட்டும் பெட்டி படியெடுத்துத் தரும் (சுவடிக் காலத்துச் சொல், இதைவிடப் பொருத்தமானது நமக்குக் கிட்டவில்லை). இதற்கான நெறியை ஸ்டீவ் டீரிங் 1989லேயே எழுதிவைத்திருந்தார்.