வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு

சான் பிரான்சிஸ்கோவில் பெண்களுக்கான கோடிங் பயிலரங்கு சனிக்கிழமை காலை என்றால், வெள்ளிக்கிழமை மாலையே கூட்டம் சேர்ந்துவிடும். வேலை முடித்து வரும் பெண்கள் ஆளுக்கொரு லேப்டாப்போடு மேசைகளைச் சுற்றி உட்காருவார்கள். ஒன்று மேக், இன்னொன்று பழைய விண்டோஸ். அன்று பாடம் எதுவும் கிடையாது. மறுநாளுக்குத் தேவையான மென்பொருள்களை ஒவ்வொரு இயந்திரத்திலும் ஏற்றி, ஓடுகிறதா என்று பார்ப்பதோடு சரி. இந்த மாலைக்கு 'இன்ஸ்டால்ஃபெஸ்ட்' என்று பெயர். லினக்ஸ் ஆர்வலர்களிடம் முன்பே இருந்த வழக்கம் இது.

கற்க வந்தவர் மனம் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பாடத்தைத் தொடுவதற்கு முன்பே திரையில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வரும். 'இது நமக்கு ஒத்துவராது' என்று லேப்டாப்பை மூடிவிடுவார். அந்த ஒரு மாலையைத் தனியே ஒதுக்கியதுதான் இப்பயிலரங்குகளின் பெரிய பலம்.

பெண்களுக்கென்று தனிப் பயிலரங்கு ஏன் தேவைப்பட்டது? கணினித் துறை தொடக்கத்தில் பெண்களுக்கு அந்நியமாக இருந்ததில்லை. அமெரிக்க ராணுவத்துக்காகப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான எனியாக் கணினிக்கு நிரல் அமைக்க 1945இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்ட்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிச்டர்மேன். அவர்களுக்குப் பாடநூல் இல்லை. நிரல் மொழி என்ற ஒன்றே அப்போது இல்லை. ராணுவ ரகசியம் என்பதால் இயந்திரத்தின் அருகே போகவும் முதலில் அனுமதியில்லை. வரைபடங்களை விரித்துவைத்து, ஒருவருக்கொருவர் கேட்டும் சொல்லியும் கற்றார்கள். 1946 பிப்ரவரியில் எனியாக் உலகுக்குக் காட்டப்பட்டபோது, பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிட்டுக் காட்டியது அவர்கள் அமைத்த நிரல். அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை.

அமெரிக்காவில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1984இல் 37 சதவீதத்தைத் தொட்டது. அதன்பின் சரிந்து, 2010 வாக்கில் 18 சதவீதத்துக்கு வந்தது. மருத்துவமும் சட்டமும் படிக்கும் பெண்கள் பெருகிக்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கே மட்டும் ஏன் இந்தச் சரிவு?

ஒரு பதிலை கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் தேடினார்கள். மாணவர்களிடம் ஆண்டுக்கணக்கில் பேசியதில் ஒன்று தெளிவானது. எண்பதுகளில் வீட்டுக்கு வந்த கணினி பெரும்பாலும் பையனின் அறைக்குப் போயிருந்தது. விளம்பரங்களும் அவனைத்தான் காட்டின. கல்லூரிக்கு வரும்போது அவனுக்குப் பல வருடப் பழக்கம் இருந்தது. முதன்முறை தொடும் பெண், அந்தப் பழக்கத்தைத் திறமை என்று நினைத்துத் தன்னைக் குறைவாக மதித்துக்கொண்டாள். பல்கலைக்கழகம், முன் அனுபவத்தைச் சேர்க்கைக்கான தகுதியாகப் பார்ப்பதை விட்டது. தொடக்கநிலை மாணவர்களுக்குத் தனி வழி அமைத்தது. அங்கே கணினி அறிவியலில் சேர்ந்த பெண்களின் பங்கு 1995இல் 7 சதவீதம். 2000இல் 42 சதவீதம்.

கல்லூரியைத் தாண்டிவிட்ட பெண்களுக்கு யார் வழி அமைப்பது? 2009இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ரூபி என்ற நிரல் மொழிக்கான மாநாட்டுக்கு வந்த சுமார் 200 பேரில் பெண்கள் ஆறு பேர். அந்த எண்ணிக்கையைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாத சாரா ஆலனும் சாரா மேயும் இலவசப் பயிலரங்கைத் தொடங்கினார்கள். அதுதான் ரெயில்ஸ்பிரிட்ஜ். வெள்ளி மாலை மென்பொருள் ஏற்றம், சனி முழுவதும் பாடம். ஆண்களும் வரலாம், கற்க வரும் ஒரு பெண்ணின் விருந்தினராக. பல பயிலரங்குகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. வீட்டையும் குழந்தையையும் சுமந்துகொண்டு கற்க வருபவரைப் புரிந்துகொண்டவர்கள் செய்த ஏற்பாடு அது.

அடுத்த ஆண்டு நவம்பரில் ஹெல்சிங்கியில் லிண்டா லியுகாஸும் கார்ரி சாரினெனும் ரெயில்ஸ் கேர்ள்ஸ் பயிலரங்கை நடத்தினார்கள். ஒருமுறை நடத்தலாம் என்று தொடங்கியது, ஊர் ஊராக, கண்டம் கண்டமாகப் பரவியது.

போலந்தைச் சேர்ந்த ஓலா சிட்டார்ஸ்கா, ஓலா செண்டெக்கா என்ற இரு தோழிகள் 2014 ஜூலையில் இதை இன்னும் செம்மையாக்கினார்கள். பெர்லினில், பைத்தான் நிரல் மொழிக்கான யூரோபைத்தான் மாநாட்டையொட்டி அவர்கள் நடத்திய முதல் ஜாங்கோ கேர்ள்ஸ் பயிலரங்கு அது. அதற்கென்று எழுதிய பாடம், இணையம் எப்படி இயங்குகிறது என்பதைக் கடிதம் அனுப்புவதோடு ஒப்பிட்டுத் தொடங்குகிறது. படிப்படியாகக் கைப்பிடித்து அழைத்துப்போய், சொந்தமாக ஒரு வலைப்பதிவை உருவாக்கி இணையத்தில் ஏற்ற வைக்கிறது. மாலையில் வீடு திரும்பும் பெண், தான் செய்ததை அம்மாவுக்கோ மகளுக்கோ போனிலேயே காட்டலாம்.

கற்பிப்பவர்களுக்கும் விதிகள் உண்டு. மூன்று பேருக்கு ஒருவர் என்று பயிற்றுநர்கள் பக்கத்தில் உட்காருவார்கள். கற்பவரின் விசைப்பலகையில் அவர்கள் கைவைக்கக் கூடாது. பிழை வந்தால் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டியது கற்பவரின் விரல்கள்தான். 'இது ரொம்ப சுலபம்' என்ற பேச்சும் வேண்டாம். சுலபம் என்று சொல்லப்பட்டது புரியாமல் போனால், கற்பவர் தன்னைத்தானே நொந்துகொள்வார்.

பங்கேற்பவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது இன்றுவரை மாறாத விதி. தன்னார்வலர்களின் உழைப்பில் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் ஜாங்கோ கேர்ள்ஸ் பயிலரங்குகள் நடந்திருக்கின்றன. பாடமும், ஏற்பாட்டாளர்களுக்கான கையேடும் இணையத்தில் யாருக்கும் இலவசம். நம் ஊர்க் கல்லூரியிலோ நூலகத்திலோ ஒரு கூடமும், பொறுமையுள்ள ஐந்து பயிற்றுநர்களும் கிடைத்தால் பதினைந்து பெண்களோடு தொடங்கிவிடலாம். தொடங்குபவர்கள் சனிக்கிழமைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை மாலையையும் ஒதுக்கிவையுங்கள்.