பாதிக் கூலியும் முழு வரியும்

சென்னைக் கரையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் நேட்டாலிலுள்ள டர்பன் துறையை அடைந்தபோது, அதில் வந்த 342 பேரும், தங்கள் உழைப்பை எழுதிக் கொடுத்த ஒப்பந்தக் கூலிகளும் அவர்களுடைய குழந்தைகளுமே ஆவர். சொந்த நிலமும் மாடும் உடைய ஜூலு மக்கள் வெள்ளையரின் கரும்புத் தோட்டங்களில் கூலிக்கு உழைக்க மனம் ஒப்பாததனால், நேட்டால் சர்க்கார் கடல் கடந்து ஆள் தேடியது. 1911-இல் இந்திய சர்க்கார் அதைத் தடுத்து நிறுத்தும் வரையில் ஏறத்தாழ 1,52,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர்.

முதலாளிகள் விரும்பியது ஆண்களையே. 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது இருக்க வேண்டுமென்று விதி ஏற்பட்டிருந்ததனாலேயே ஸ்திரீகளும் கப்பலேற்றப்பட்டார்கள். ஆணுக்கு முதல் வருஷத்தில் மாதம் 10 ஷில்லிங் என்றும், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு என்றும் கூலி நிர்ணயித்த சர்க்கார், அதே வெயிலில் அதே கரும்புக் கொல்லையில் களை எடுத்த பெண்ணுக்கு அதில் பாதியே போதும் என்று தீர்மானித்தது.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் அந்த நாட்டிலேயே நிலைத்து, காய்கறி பயிரிட்டும் கடை வைத்தும் தலையெடுக்கத் தொடங்கியதைக் கண்டு பொறாத வெள்ளையர், மறு ஒப்பந்தத்துக்கும் இசையாமல் ஊருக்கும் திரும்பாமல் தங்குவோர் மீது ஆளுக்கு ஆண்டுதோறும் 25 பவுன் வரி விதிக்க முயன்று, கடைசியில் இந்திய சர்க்காரின் சம்மதத்தோடு 1895-இல் அதை 3 பவுனாக்கிச் சட்டம் செய்தார்கள். கூலியில் பாதியாகக் கணக்கிடப்பட்ட பெண், வரியில் மட்டும் முழு ஆளாகக் கணக்கிடப்பட்டாள். பிள்ளைகளுக்கும் வரி பரவியபோது பையனுக்கு 16 வயது, பெண்ணுக்கோ 13 வயதே போதுமென்று வைத்தார்களே, இந்த ஓரவஞ்சனையை என்னென்பது! மாதம் 5 ஷில்லிங் வீதம் ஒரு பெண் முதல் வருஷம் முழுவதும் ஈட்டிய கூலி 60 ஷில்லிங்; அதாவது சரியாக 3 பவுன். ஐந்தாம் வருஷத்தில் ஆண் பெற்ற 14 ஷில்லிங்கைக் கொண்டு பார்த்தாலும் ஆண்டுக்கு 8 பவுன் 8 ஷில்லிங்தான் ஆகிறது. வயது வந்த மகனும் மகளும் உள்ள தம்பதிகள் கட்ட வேண்டிய வரியோ 12 பவுன்.

இது போதாதென்று 1913 மார்ச் 14-ஆம் தேதி கேப் மாகாண நீதிபதி ஸேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான விவாகங்களே செல்லுமென்று தீர்ப்பளித்தார். தாலி கட்டி, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்ட பெண்கள், சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆனார்கள். அதன்மேல்தான் சத்தியாக்கிரகிகள் வாழ்ந்த டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த பெண்கள், பெரும்பாலும் தமிழர், சிலர் கைக்குழந்தைகளோடு, அனுமதியின்றி நேட்டால் எல்லையைக் கடந்து நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, தொழிலாளரிடம் 3 பவுன் வரியின் அநியாயத்தை எடுத்துரைத்தார்கள். சுரங்கங்களில் வேலை நின்றது; கரும்புத் தோட்டங்களிலும் நின்றது. பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. ஜோஹானஸ்பர்க்கில் பிறந்த பதினாறு வயதுத் தில்லையாடி வள்ளியம்மை, மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து கொடிய ஜுரத்தோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி உயிர் நீத்தாள்.

அவ்வாண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை ஒழித்தது, விவாகங்களையும் அங்கீகரித்தது. இந்த வெற்றியில் பெண்களின் பங்கு முதன்மையானதென்று நான் உறுதியாகக் கருதுகிறேன். ஆயினும், ஆண்களும் வெள்ளையரும் கூடிப் பேசி முடித்த அந்தச் சட்டத்தில், பெண்கள் வாங்கிய பாதிக் கூலியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.