தென்கரைச் சுருட்டுக்கடைகள்

ஈழத்துத் தமிழரின் பொருளியல் வாழ்வை ஆராய்ந்தோர் பெரும்பாலும் இருவரையே கண்டனர். ஒருவன், செம்மண் தோட்டத்திற் புகையிலை நட்டு, துலா மிதித்து நீரிறைத்த கமக்காரன். மற்றையவன், ஆங்கிலங் கற்று அரசாங்கக் கந்தோரிற் பேனை பிடித்த எழுதுவினைஞன். இவ்விருவருக்குமிடையில் மூன்றாமவன் ஒருவனும் இருந்தான். கமக்காரன் விளைவித்த புகையிலையைச் சுருட்டாகக் கொண்டுசென்று, அம்பலாங்கொடை, வெலிகமை, மாத்தறை, தங்காலை போன்ற தென்கரைப் பட்டினங்களிற் சிறுகடை வைத்து வாழ்ந்தவன் அவன். எமது வரலாற்று நூல்களில் அவனுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. ஆயினும், இந்நாட்டில் இரு இனங்கள் நாள்தோறும் முகத்துக்கு முகம் சந்தித்த இடங்களுள் அவனது கடை முதன்மையானது என்பது மனங்கொள்ளத்தக்கது.

யாழ்ப்பாணப் புகையிலைக்குப் பழைய சந்தை திருவாங்கூர். அச்சந்தையின் வாங்குவலி தளரத் தொடங்கியபோது, உள்நாட்டிற் சுருட்டுப் புகைப்போரை நாடி வணிகம் திரும்பியது. இத்திருப்பத்துக்கு வழியமைத்தது இருப்புப்பாதை. கொழும்பிலிருந்து தென்கரை நெடுகச் சென்ற பாதை 1895இல் மாத்தறையை அடைந்தது. வடக்கே சென்ற பாதை 1905இற் காங்கேசன்துறையை அடைந்தது. அதன்பின், யாழ்ப்பாணத்தில் ஏற்றப்பட்ட சுருட்டுக்கட்டு கப்பலேறாமலே தென்கோடிக்குப் போய்ச் சேர்ந்தது. கட்டுக்குப் பின்னால் மனிதரும் சென்றனர். காரைநகர், வேலணை, புங்குடுதீவு முதலிய தீவுப்பகுதி ஊர்களில் நிலம் குறைவு. பல கிணறுகளில் நீரும் உவர். கமத்தை நம்பி மட்டும் வாழவியலாத அவ்வூர்களே கடைக்காரரை மிகுதியாக அனுப்பின.

அக்கடையில் ஒரு நாள் எவ்வாறு கழிந்தது? விடியுமுன்னரே பலகைகள் கழற்றப்படும். கரையேறும் மீனவனும் முதற் புகைவண்டிக்கு விரைபவனும் அவ்வேளையிலே வருவர். வாயிற்கம்பத்திற் கயிற்றுத்திரி ஒன்று நாள் முழுவதும் புகைந்துகொண்டிருக்கும். வாங்கிய சுருட்டை அதிலே பற்றவைப்பர். வாழைக்குலை, வெற்றிலைக்கட்டு, பாக்கு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய், சோடாப் போத்தல், செய்தித்தாள் என்பனவே சரக்கு. ஒரு சதத்துக்கும் இரு சதத்துக்கும் நடந்த இவ்வணிகத்தில் ஒரு விற்பனையால் வரும் இலாபம் அற்பமே. அதனால் கடை நெடுநேரம் திறந்திருக்க வேண்டியிருந்தது. இரவு பலகைகள் பூட்டப்பட்டபின், அதே தரையிற் சாக்கை விரித்து முதலாளியும் பொடியன்களும் படுத்தனர். வீடும் கடையும் அங்கு ஒன்றே.

சரக்கினும் முக்கியமானது கடன்கொப்பி. தென்மேற்குக் கரையிற் சோழகக் காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிக்கும். சிறுதோணிகள் தொழிலுக்குப் போகா. அக்காலத்தில் மீனவக் குடும்பத்தின் வெற்றிலை, மண்ணெண்ணெய், தீப்பெட்டி யாவும் கொப்பியில் ஏறும். காற்று மாறி மீன் படத் தொடங்கியபின் கணக்கு மெல்லமெல்ல இறங்கும். கடைக்காரன் கணக்கைத் தமிழிலே எழுதினான். பேச்சைச் சிங்களத்திலே நடத்தினான். தமிழெழுத்து அறியாத மீனவன் அக்கணக்கை நம்பினான். பிணையேதுமின்றிக் கடைக்காரனும் மீனவனை நம்பினான். இந்நம்பிக்கை வெறும் பாவனையன்று. ஆனால் அதை அன்பென்று மட்டும் கொள்வதும் பிழை. கடனாளி வேறு கடைக்குப் போக முடியாது. கடன்கொடுத்தவன் ஊரைவிட்டுப் போக முடியாது. ஒருவரை ஒருவர் கட்டிவைத்த கயிறு அது.

மொழியிலும் இவ்வுறவின் தடம் உண்டு. தமிழ்க் 'கடை' சிங்களத்திற் 'கடே' ஆயிற்று. 'முதலாளி'யும் 'சுருட்டு'ம் ஏறக்குறைய அவ்வுருவிலேயே சிங்களத்தில் வழங்குகின்றன. அரசவையும் சமயமும் தந்த சொற்களைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். சந்தையும் கடைத்தெருவும் தந்த இச்சொற்களோ சாதாரண மனிதர் ஒருவரோடொருவர் பழகியதன் சான்றுகள்.

ஆயினும் கடைக்காரனை நாம் ஒரு காவியத் தலைவனாக்கிவிடலாகாது. அவனது கடையின் பின்புறத்திற் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் சோறு சமைத்தான், நீர் அள்ளினான், சுருட்டு எண்ணினான். பள்ளிப் படிப்பை இடையில் விட்டுவந்தவன் அவன். மாதச் சம்பளம் என்பதை அறியாது, ஊருக்குப் போகும்போது தரப்படுவதைப் பெற்றான். கெட்டிக்காரனாயின் ஒருநாள் பங்காளியாவான் என்ற ஆசையே அவனது ஊதியத்தின் பெரும்பகுதி. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரைக் கடைவேலைக்கு அமர்த்தலாகாதென விதித்தது. உறவுமுறையும் ஊர்முறையும் ஆண்ட கடைகளுட் சட்டம் எளிதில் நுழையவில்லை. ஊரிலோ, மனைவியர் ஆண்டின் பெரும்பகுதியைத் தனித்தே கழித்தனர். திருவெம்பாவைக்கும் கோயிற் கொடியேற்றத்துக்கும் வந்துபோகும் விருந்தினராகவே தந்தையரைப் பிள்ளைகள் அறிந்தனர்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. தென்கரையிற் கடைக்காரன் தன் வாடிக்கையாளனின் சாதியைக் கேட்டானல்லன். அவனோடு அருகிருந்து தேநீர் அருந்தினான். அதே மனிதன் ஊர் திரும்பியதும், ஒடுக்கப்பட்ட தமிழனுக்குத் தேநீர்க்கடையிற் சமமான குவளை மறுக்கப்படுவதைக் கண்டும் வாளாவிருந்தான். 1957இற் சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அச்சட்டம் ஏட்டிலே கிடக்க, 1966க்குப் பின் சங்கானை முதலிய இடங்களில் மக்கள் இரத்தஞ் சிந்தியே தேநீர்க்கடைக்குள் நுழைய வேண்டியிருந்தது. அயலூரில் தனக்குக் கிடைத்த சமத்துவத்தைத் தன்னூரிற் பிறருக்கு வழங்க அவன் நினைக்கவில்லை. இதனை மறைத்து எழுதப்படும் எவ்வரலாறும் அரைவரலாறே.

இனி, அக்கடை எவ்வாறு அழிந்தது என்பதை நோக்குவோம். 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசி வரவு நின்றது. பங்கீடும் கூப்பனும் வந்தன. விடுதலைக்குப் பின்னும் பங்கீட்டரிசியே ஏழையின் சோறு. 1953இல் அரசாங்கம் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஓகஸ்ட் 12ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பை ஏற்று நாடு கடையடைத்தது. தென்மேற்குக் கரையில் அவ்வெழுச்சி மிக உக்கிரமாயிருந்தது. அம்பலாங்கொடைப் பகுதியிற் போக்குவரத்தே முடங்கிற்று. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் மந்திரிசபை கூடியது. சில வாரங்களிற் பிரதமர் பதவி துறந்தார். அரிசி விலை யாவரையும் தாக்கியது. அதை எதிர்த்த நாளில் மொழி எவரையும் பிரிக்கவில்லை.

ஐந்தாண்டு கழியுமுன் அதே நாட்டின் காட்சி மாறியது. 1956இற் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் நிறைவேறியது. 1958இன் முற்பகுதியில் வடக்கில் வண்டிகளின் சிங்கள ஸ்ரீ எழுத்து அழிக்கப்பட்டது. தெற்கிற் கடைகளின் தமிழ்ப் பெயர்ப்பலகைகளிற் தார் பூசப்பட்டது. மே மாதத்தில் தாரைத் தொடர்ந்து தீ வந்தது. 27ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்படுமுன்னரே கடைகள் பல கொள்ளை போயின. வீடிழந்தோர் கப்பலேற்றி வடக்கே அனுப்பப்பட்டனர்.

கொப்பியைக் கொளுத்தியவன் கடனைத் தீர்க்கவே கொளுத்தினான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அயலவனைத் தன் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களை அவ்விளக்கம் மறந்துவிடும். எமது கருத்து வேறு. பஞ்ச மாதத்தின் கடன்சுமையும் விலையுயர்வின் சினமும் உண்மையானவை. 1953இல் அச்சினத்துக்கு அரசாங்கத்தைச் சுட்டிக்காட்ட ஓர் இயக்கம் இருந்தது. 1958இல் அதே சினத்துக்குப் பக்கத்துக் கடையைச் சுட்டிக்காட்டும் அரசியல் வலுப்பெற்றது. நாள்தோறும் நடந்த கொடுக்கல் வாங்கல் மனிதரைப் பழக்கியது. அவர்களைக் காக்கும் அமைப்பொன்றை உருவாக்கவில்லை. அதை உருவாக்கியிருக்க வேண்டிய முற்போக்கு இயக்கமும் தளர்ந்தது. 1956இல் இருமொழிக்கும் சமவுரிமை கோரி நின்ற இடதுசாரிக் கட்சிகள், 1966 சனவரி 8ஆம் நாள் தமிழ் மொழி விதிகளுக்கெதிரான ஊர்வலத்திலே சென்றன. இக்கசப்பான உண்மையை முற்போக்காளராகிய நாமே முதலிற் சொல்லுதல் வேண்டும்.

1958க்குப் பின்னும் கடைக்காரர் பலர் திரும்பிச் சென்று எரிந்த கடையை மீண்டும் எடுத்தனர். பழைய வாடிக்கையாளர் நிலுவையை நினைவிலிருந்து சொல்லிச் செலுத்தினர் என்று கேட்டிருக்கிறோம். 1977 ஓகஸ்டில் மீண்டும் எரிந்தது. மீண்டும் சிலர் சென்றனர். 1983 யூலைக்குப் பின் திரும்பியவர் மிகச் சிலரே. கடைக்காரரின் பிள்ளைகள் கடல்கடந்தனர். சுருட்டும் பீடிக்கும் சிகரெட்டுக்கும் இடங்கொடுத்தது.

1958க்கு முன் சிறுவராய்த் தெற்கே சென்றவர் இன்று எண்பதை அண்டியோ கடந்தோ உள்ளனர். அவர்தம் பேச்சில் இன்னும் சரளமான சிங்களம் உண்டு. பெட்டகங்களிற் சில பழைய கொப்பிகளும் இருக்கக்கூடும். எமது பாடசாலை மாணவர் கல்வெட்டைப் படியெடுப்பதுபோல் இவற்றையும் படியெடுத்தல் வேண்டும். எவர் எதை வாங்கினார், எம்மாதத்திற் கடன் ஏறிற்று, எப்போது தீர்ந்தது என்பவற்றை அவை சொல்லும். தென்கரைப் பட்டினங்களின் சிங்கள மாணவரும் தம் பாட்டன்மாரிடம் இவ்வினாக்களையே கேட்பாராயின், அக்கொப்பியின் மறுபக்கமும் கிடைக்கும். இரு பக்கமும் சேர்ந்தாலன்றிக் கணக்கு நேராகாது.